பச்சைத் தண்ணீரில் ஒரு பொய்

6

"கிளாரியோட மிதவையை வெளியில எடுங்க. பச்சைத் தண்ணியில போட்டுப் பார்க்கணும்."

டார்சி க்விக்லி சொல்லி முடித்ததும் பீரில் போடும் ஹாப்ஸ் பூவைக் காயவைக்கும் கொட்டகைக்குள் நின்றிருந்த ஆறு ஆண்களும் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஒருவர் வாயில் பாதி சாஸேஜ் அப்படியே தொங்கியது. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தால்கூட இவ்வளவு அமைதி வந்திருக்காது.

"என்ன சொன்னே?" என்றார் டெஸ் ஃபேகன். கேரிக் பிளாட் வீட்டு பீர் சங்கத்தின் தலைவர். பதினெட்டு வருடமாகத் தலைவர், ஏனென்றால் பதினெட்டு வருடமாக வேறு யாரும் நாற்காலியைக் கேட்கவில்லை.

பீரில் சீனி எவ்வளவு என்று அளக்கும் கண்ணாடிக் குழாய்தான் மிதவை. டார்சி அதையே இரண்டாம் முறை சொன்னாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அவளுக்குப் பின்னால் நின்ற உதவியாளர் நாரிஸ் டப், ரொட்டித் துண்டுக்குள் சாஸேஜை வைத்துத் தக்காளி சாஸைப் பிழிந்துகொண்டே குனிந்து சொன்னார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கிசுகிசுத்தால் நாலு சீட் பின்னால் வரைக்கும் கேட்கும்.

"பாஸ், இந்த ஊர்ல பொண்டாட்டியைச் சந்தேகப்படலாம், பாதிரியாரைச் சந்தேகப்படலாம். இதை மட்டும் கூடாதுன்னு வியாழக்கிழமையே சொன்னாங்க. நானும் இருந்தேன்."

சொன்னார்கள்தான். பீர் பாட்டில் வெடித்ததை விசாரிக்கும் வேலையைக் கொடுத்தபோதே டெஸ் அவள் தோளைத் தட்டிச் சொன்னார்: "எது வேணும்னாலும் கேளு, கண்ணு. கிளாரியோட மிதவையைத் தண்ணியில போடச் சொல்லி மட்டும் கேட்காதே. அது செத்துப்போன மனுசனைப் பொய்யன்னு சொல்ற மாதிரி."

கேட்கக் கூடாது என்று சொல்லப்பட்டதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள டார்சிக்கு வேதியியல் பட்டம் தேவைப்படவில்லை. இறைச்சிக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கத்தி பிடித்த அவள் அம்மா, மூடி வைத்திருக்கும் தொட்டியைத்தான் முதலில் திறந்து பார்ப்பாள். அந்த வீட்டில் முதல் பட்டம் டார்சியுடையது. சமையலறைச் சுவரில், கால்பந்து சங்கத்து நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பீர் சங்கத்துக்குத் தேவைப்பட்டதும் அந்தப் பட்டம்தான். அதை வாங்கிய தலையல்ல.

மேசையில் தட்டச்சு செய்த அறிக்கை தயாராகக் கிடந்தது. "இனிப்பு தீராத பீரை அவசரத்தில் பாட்டிலில் அடைத்தது தயாரித்தவரின் அலட்சியமே." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், மறந்துவிடப் போகிறாளே என்று, பி.எஸ்சி. என்றும் அவர்களே அடித்து வைத்திருந்தார்கள்.

தயாரித்தவர் ஜெனீன் டக்கெட். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைப்பவள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஊர்க் கண்காட்சியின் போட்டி மேசையில் அவளுடைய பாட்டில் ஒன்று நடுவரின் கையிலேயே வெடித்தது. ஏழு தையல். அரை மணி நேரத்தில் இன்னும் இரண்டு வெடித்தன. வெடிக்காத நாலாவது பாட்டிலை யாரும் தொடவில்லை. அந்தப் போட்டிக்கு முந்தைய வாரம்தான் ஆற்றங்கரை ப்ரூவரியின் லோர்னா டெயிட், உதவி காய்ச்சுநர் வேலைக்கு ஜெனீனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். இப்போது, "ஞாயிறு மூணு மணிக்குள்ள ரிப்போர்ட் வரட்டும், அலட்சியம்னா வேண்டாம்" என்கிறாள். மணி ஒன்றே முக்கால். ஜெனீன் வெளியே தன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். சங்கத்திலிருந்து இடைநீக்கம், அதனால் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாதாம்.

"ஜெனீன் ரெண்டு ஞாயித்துக்கிழமை அளந்தா," என்றாள் டார்சி. "இங்கேயே, இந்த மேசையில, உங்க மிதவையால. ரெண்டு தடவையும் ஆயிரத்துப் பத்து. சங்கத்து விதிப்படி பக்கத்துல ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கார். அப்புறம் என்ன அலட்சியம்?"

"தப்பாப் பார்த்திருப்பா," என்றார் டெஸ்.

"ரெண்டு தடவையும்? ரெண்டு பேரும்?"

"கண்ணு, பீர் காய்ச்சறது புஸ்தகப் படிப்பில்ல."

"இல்லதான். அதனாலதான் தண்ணி கேக்கறேன்."

பச்சைத் தண்ணீரில் மிதவை ஆயிரம் என்ற கோட்டில் நிற்க வேண்டும். முளைகட்டிய பார்லியான மால்ட்டைக் காய்ச்சிய சாற்றில் சீனி நிறைய, அதனால் மேலே எழும்பி ஆயிரத்து ஐம்பது காட்டும். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன மிதவை இறங்கி, ஆயிரத்துப் பத்துப் பக்கம் வந்து நின்றால் பந்தி முடிந்தது, பாட்டிலில் அடைக்கலாம். முடியாமல் அடைத்தால் பாட்டிலுக்குள் பந்தி தொடரும். வாயுவுக்குப் போக வழியில்லை, கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகும். இதெல்லாம் மிதவை யோக்கியமாக இருக்கும் வரை. அதன் தண்டுக்குள் எண்கள் அச்சிட்ட காகிதச் சுருள் ஒன்று இருக்கிறது. ஓர் அடி பட்டு அது ஒரு நூல் கீழே நழுவினால் போதும், ஆயிரத்து இருபதைக் கூசாமல் ஆயிரத்துப் பத்து என்று சொல்லும். எனவே, வீட்டில் பீர் காய்ச்சும் எவரும் அளப்பதற்கு முன் மிதவையைப் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை விட்டுப் பார்ப்பார்கள். இந்தச் சங்கம் மட்டும் விதிவிலக்கு. இங்கே இருப்பது மிதவையல்ல, நினைவுச் சின்னம். வீட்டில் பீர் காய்ச்சினால் போலீஸ் வரும் காலத்தில், கோழிக் கூண்டுக்குள் அண்டாவை ஒளித்துக் காய்ச்சிய கிளாரி பென்னிகாட் கைப்பட்ட கண்ணாடி. போட்டிக்குப் போகும் எந்த பீரும் அதில்தான் அளக்கப்பட வேண்டும். கொட்டகையைத் தாண்டி அது வெளியே போகக் கூடாது.

"சரி," என்றார் டெஸ் திடீரென்று. "எடுத்துட்டு வாங்கப்பா. பார்த்துட்டுப் போகட்டும்."

இவ்வளவு சீக்கிரமா? டார்சி புருவத்தைத் தூக்கினாள். அவளுடைய முதல் தப்பு அங்கேதான் நடந்தது. அவள் அதை மனதில் முடிந்துகொள்ளாமல் விட்டாள்.

பர்ட் என்ற கிழவர் பித்தளைப் பட்டயம் பதித்த மரப்பெட்டியை இரு கைகளாலும் ஏந்தி வந்தார். நடக்கும்போது உள்ளே கடகடவென்றது.

"உள்ள ஆளு உருள்றாரே," என்றார் நாரிஸ். "பெட்டி பெரிசா, ஆளு இளைச்சுட்டாரா?"

டார்சி உயரக் குவளையில் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். தாஸ்மேனியாவின் வசந்த காலத்துக் குழாய்த் தண்ணீர், விரல் விறைத்தது. கெட்டிலில் இருந்து வெந்நீர் கலந்து, வெப்பமானியில் இருபது டிகிரி வந்ததும் மிதவையை விட்டு, ஒட்டிய குமிழிகள் போக ஒரு சுழற்று சுழற்றினாள். அது ஆடி, அடங்கி, நின்றது.

ஆயிரம்.

ஒரு மயிரிழை மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஆயிரம்.

கொட்டகை இடிந்து விழுவது போலச் சிரித்தார்கள். பாதி சாஸேஜ்காரர் மீதியை விழுங்கிவிட்டே சிரித்தார்.

"தண்ணி மட்டத்துல கண்ணை வெச்சுப் பாரு, கண்ணு," என்றார் டெஸ். "யூனிவர்சிட்டியில அதாவது சொல்லிக் குடுத்தாங்களா?"

டார்சியின் காது மடல்கள் சுட்டன. இதே சிரிப்பை அவளுக்குத் தெரியும். முதல் வருட ஆய்வுக்கூடத்தில், பிப்பெட் என்றால் என்ன என்று கேட்ட நாளில் கேட்டது. அன்று அழுதாள். பிறகு அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் எதையாவது உற்றுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள்.

"பாஸ்," என்றார் நாரிஸ், "நான் போய் கார் எஞ்சினைச் சூடு பண்ணி வைக்கட்டுமா? கௌரவமா ஓடலாம்."

"யோவ், சும்மா இரும்."

டெஸ் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார். அவள் பேனாவை வாங்கவில்லை. மிதவையைக் குவளையிலிருந்து எடுத்துச் சட்டை நுனியில் துடைத்துக் கண்ணுக்கு அருகே பிடித்தாள். எண்களுக்கு அடியில், எறும்பு எழுதியது போல ஓர் எழுத்து வரிசை.

"டெஸ், கிளாரி இதை எப்ப வாங்கினார்?"

"பட்டயத்துலதான் இருக்கே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு. ஹோபார்ட்டுல, மருந்துக் கடையில. இந்த ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"பர்ட், அறுபத்து நாலுல உங்களுக்குக் காய்ச்சல் வந்தா எத்தனை டிகிரி இருக்கும்?"

"நூறு, நூத்தொண்ணு," என்றார் பர்ட், யோசிக்காமல். "ஒரு தடவை நூத்து மூணு."

"இப்ப வந்தா?"

"முப்பத்தெட்டு..." பர்ட்டின் வாய் திறந்தபடி நின்றது.

"இந்தக் காகிதத்துல, 'இருபது டிகிரியில் அளக்கவும்'னு போட்டிருக்கு. பக்கத்துல செல்சியஸ். நாடு எழுபத்து ரெண்டுலதான் செல்சியஸுக்கு மாறுச்சு. கிளாரி அதுக்கு முன்னாடியே மாறிட்டாரா? இல்ல, இது பழைய ஃபாரன்ஹீட் டிகிரிதானா?"

"பழைய கணக்குல இருபதுன்னா பீர் கிடையாது பாஸ், ஐஸ் கட்டி," என்றார் நாரிஸ். குரலில் தெம்பு திரும்பியிருந்தது. "மிதவை மிதக்காது. நட்டுக்கிட்டு நிக்கும்."

டெஸ் தொண்டையைச் செருமினார். "கிளாரி பின்னாடி வேற ஒண்ணு வாங்கியிருக்கலாம். அவர் என்ன, நம்மகிட்ட சொல்லிட்டா வாங்குவார்?"

"வாங்கியிருக்கலாம்." டார்சி பெட்டியைத் திறந்து, மிதவையை வெல்வெட் பள்ளத்தில் வைத்தாள். ஐம்பது வருடம் ஒரே உடம்பு படுத்துப் படுத்து உண்டான பள்ளம். தலைமாட்டில் இரண்டு விரல்கடை காலி. "அப்ப இந்தப் படுக்கையில இத்தனை வருசமா படுத்திருந்தது யாரு? இவரைவிட உசரமா ஒருத்தர்."

பர்ட் குனிந்து பள்ளத்தை விரலால் அளந்து பார்த்தார். சூடான தட்டில் சாஸேஜ் சிடுசிடுத்துக்கொண்டிருந்தது.

டார்சி சங்கத்து அளவுப் பதிவேட்டைத் திறந்தாள். பக்கத்தில் கண்காட்சி நுழைவுச் சீட்டுகளின் கட்டு. இரண்டையும் காலையிலேயே புரட்டியிருந்தாள். அப்போது ஒரு சின்ன முள்ளாக உறுத்தியது இப்போது குத்தியது.

"டெஸ், போட்டிக்கு நீங்க குடுத்தது கறுப்பு பீர். இங்க, இந்த மேசையில அளந்தப்ப ஆயிரத்து நாலு. சாட்சிக் கையெழுத்து பர்ட். வீட்டுல உக்காந்து நீங்க தனியா நிரப்பின சீட்டுல ஆயிரத்துப் பதினாலு."

"கை தவறியிருக்கும்."

"சரியா பத்து தவறியிருக்கு. பெரிய ஒழுங்கான கை." அவள் குரல் ஏறவில்லை. கோபம் மிகும்போது அவளுக்குக் குரல் இறங்கும். "ஜெனீனோட பீரும் பத்து கூட்டினா ஆயிரத்து இருபது. குளிர்ல ஈஸ்ட் தூங்கியிருக்கு, அவ்வளவுதான். பந்தி முடியல. கண்காட்சி ஹால்ல ஹீட்டர் போட்டாங்க, எழுந்து உக்காந்து மிச்சத்தைச் சாப்பிட்டுது. பழைய மிதவை பத்து குறைச்சுச் சொல்லுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். உங்க சீட்டை மட்டும் திருத்திக்கிட்டீங்க. வெடிச்ச பிறகு மிதவையையும் மாத்தினீங்க."

"நிரூபிக்க முடியுமா?" டெஸ்ஸின் முகம் வெந்த பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டது. "ஒரு காகிதத்துல டிகிரி போட்டிருக்கு, ஒரு பள்ளம் நீளமா இருக்கு. இதை வெச்சா லோர்னா அந்தப் பொம்பளைக்கு வேலை குடுப்பா?"

கொடுக்க மாட்டாள். டார்சிக்கும் அது தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஜெனீன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும்.

டார்சி பதிவேட்டில் இன்னும் ஒரு வரி கீழே போனாள்.

"பர்ட், ஜெனீனுக்கு அடுத்தது நீங்கதானே அளந்தீங்க? ஆயிரத்து எட்டு. பாட்டில்ல அடைச்சாச்சா?"

"அடைச்சு பதினஞ்சு நாள் ஆச்சு. முப்பது பாட்டில்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"கட்டிலுக்கு அடியில. அங்கதான் கதகதப்பா இருக்கும். என் பொண்டாட்டி க்வெனி மின்சாரப் போர்வை போட்டுக்குவா."

"இப்ப க்வெனி எங்க?"

பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம்... தூங்கிக்கிட்டிருப்பா."

"கட்டில்ல?"

"வேற எங்க தூங்குவா?"

நாரிஸ் முதல் தடவையாகச் சாஸேஜைக் கீழே வைத்தார்.

டார்சி டெஸ் பக்கம் திரும்பினாள். "கிளாரியோட மிதவை சரியா இருந்துதுன்னா ஒண்ணும் பயமில்ல. பர்ட் இங்கேயே உக்காந்து இன்னொரு சாஸேஜ் சாப்பிடலாம். பத்து குறைச்சுச் சொல்லியிருந்தா, க்வெனி முப்பது வெடிகுண்டு மேல போர்வையைச் சூடு பண்ணிக்கிட்டுத் தூங்கறா. நான் நிரூபிக்க வேண்டாம், டெஸ். நீங்க சொல்லுங்க. க்வெனியை எழுப்பணுமா, வேண்டாமா?"

பர்ட் டெஸ்ஸைப் பார்த்தார். நாற்பது வருடச் சிநேகிதம். டெஸ் சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். கொட்டகைக் கூரைத் தகரத்தில் ஒரு காக்கை நடந்து போனது.

"எழுப்பு," என்றார் டெஸ். "ஓடு, பர்ட். போர்வையை அணைக்கச் சொல்லு."

எழுபது வயதுக் கிழவர் அப்படி ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. போனை எடுக்க மறந்து ஓடினார். நாரிஸ் அந்தப் போனிலேயே க்வெனியைக் கூப்பிட்டு, "அம்மணி, ஒண்ணும் கேக்காதீங்க, மெதுவா எழுந்து சமையலறைக்கு வாங்க, குதிச்சு மட்டும் இறங்காதீங்க," என்று பஸ்ஸில் அறிவிப்பதுபோலச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ வசவு கேட்டது. ஆள் முழுசாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

டெஸ் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். அதற்குள்ளிருந்து நீளமான, மங்கிய கண்ணாடி. "துடைக்கறப்போ கை நழுவிடுச்சு. உடையல. உள்ள காகிதம் மட்டும் இறங்கிப் போச்சு. குப்பையில போட மனசு வரல." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "எப்படிச் சொல்லுவேன்? கிளாரியோடதை நான் கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

டார்சி அதை வாங்கி அதே குவளையில், அதே தண்ணீரில் விட்டாள். அது மூழ்கி, எழும்பி, நின்றது. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. போனை எடுத்து இரண்டு படம் பிடித்தாள்.

"பாட்டில் பழுதுன்னு எழுதிடு," என்றார் டெஸ் சட்டென்று. மூக்கைத் துடைத்த கையோடு பேரம். "கண்ணாடித் தொழிற்சாலைத் தப்பு. ஜெனீன் திரும்ப சங்கத்துக்கு வரட்டும், கிளாரி பேரும் கெடாது. எல்லாருக்கும் நல்லது."

"பாட்டிலைப் பொறுக்கி எடுத்தது யாரு?"

"அது... அவதான்."

"மறுபடியும் அவளே. ரொம்ப நல்லது."

"கிளாரியை நினைச்சுப் பாரும்மா," என்றார் கமிட்டிக்காரர் ஒருவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

டார்சி பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். பழுப்பேறிய தாள், கிளாரியின் கோணல் கையெழுத்து. ஒவ்வொரு தேதிக்கும் முதல் வரி ஒன்றுதான்: தண்ணீர், ஆயிரம். தண்ணீர், ஆயிரம். தண்ணீர், ஆயிரம். பக்கம் பக்கமாக.

"கோழிக் கூண்டுல ஒரு பாட்டில் வெடிச்சா வாசல்ல போலீஸ் நிக்கும்னு பயந்த மனுசன். ஒவ்வொரு தடவையும் தண்ணியில போட்டுப் பார்த்திருக்கார். அவர் மிதவையை அவரே நம்பல. நீங்கதான் கும்பிட்டீங்க. இந்தப் பக்கத்தை யாராவது கடைசியா எப்ப திறந்தீங்க?"

அவள் மேசையிலிருந்த அறிக்கையை எடுத்தாள். தட்டச்சு வரியின் மேல் குறுக்கே ஒரே கோடு. அதற்குக் கீழே எழுதினாள்: "சங்கத்து மிதவை பச்சைத் தண்ணீரில் 990. தலைவருக்குத் தெரியும். தயாரித்தவர் மேல் தப்பில்லை." கையெழுத்துப் போட்டாள். அவர்களே அடித்து வைத்திருந்த பி.எஸ்சி.யை அடிக்காமல் விட்டாள். முதல் தடவையாக அது அவளுக்கு உபயோகப்பட்டது.

"உன்னை வேலைக்கு வெச்சது நான்," என்றார் டெஸ். "ரிப்போர்ட் என்கிட்டதான் வரணும்."

டார்சி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். பழைய மிதவையைக் குவளையிலிருந்து எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, காலுறைக்குள் நுழைத்தாள்.

"பாஸ், மணி ரெண்டு பத்து," என்றார் நாரிஸ், தட்டில் மிச்சமிருந்த சாஸேஜைத் துணிந்து எடுத்துக்கொண்டே. "ப்ரூவரிக்கு இருபது நிமிசம். நான் ஓட்டினா பன்னெண்டு."

"ஜெனீன் ஓட்டட்டும்."

"கண்ணு, கொஞ்சம் நில்லு. உக்காந்து பேசலாம்..."

அவள் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தாள்.